பிள்ளையின் நடையும் பாடத்தின் வேகமும்



பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே கற்பிக்கும் குடும்பங்கள் நம் நடுவில் சில உண்டென்பதை அறிவீர்கள். கொரோனா நாட்களில் வேறு வழியின்றித் தொடங்கியவர்களும், அதற்கு முன்பே மனதார இவ்வழியைத் தெரிந்துகொண்டவர்களும் அவர்களில் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஒரு வீட்டில் மூத்த மகன் ஒரு பாடத்திட்டத்தில் தொடர்ந்து படிக்க, இளைய மகளுக்கு மட்டும் இந்த ஆண்டு புத்தகங்களை மாற்றியிருக்கிறார்கள். அதைக் குறித்து ஆலய வாசலில் பேச்சு எழுந்தது. ஒரே வீட்டில் இரண்டு படிப்பா என்றார் ஒருவர். சேலைக்கடையில் எடுத்துப் போட்டுப் பார்ப்பது போலப் படிப்பையும் மாற்றுவார்களா என்றார் இன்னொருவர். அந்தப் பெற்றோரின் சம்மதத்தைப் பெற்றுக்கொண்டே இதை எழுதுகிறேன். அவர்கள் செய்தது சரி என்பது என் கருத்து. ஆனால் புத்தகத்தை மாற்றுகிற எல்லாரும் சரியானதையே செய்கிறார்கள் என்று என்னால் சொல்ல இயலாது. இரண்டையும் விளக்க வேண்டியிருக்கிறது.

ஆதியாகமம் 33-ஆம் அதிகாரத்தில் யாக்கோபு தன் அண்ணனாகிய ஏசாவை இருபது ஆண்டுகளுக்குப் பின் சந்திக்கிறான். நானூறு ஆட்களோடு வந்த ஏசா, இனிச் சேர்ந்தே போவோம் என்று அழைக்கிறான். யாக்கோபு மறுக்கிறான். பிள்ளைகள் இளசுகள், பால் கொடுக்கும் ஆடுமாடுகளும் உடனிருக்கின்றன, ஒருநாள் விரட்டினாலும் மந்தை முழுதும் மடிந்துவிடும். ஆகையால் நீர் முன்னே போம், நான் இவர்கள் நடக்கும் அளவுக்கு நடந்து வருகிறேன் என்கிறான். அண்ணன்மேல் இருந்த அச்சத்தினால் சொன்ன சாக்கு அது என்று கூறும் வியாக்கியானக்காரர்கள் உண்டு. இருக்கலாம், யாக்கோபு அப்படிப்பட்டவன்தான். ஆனாலும் அவன் சொன்ன காரணம் பொய்யானதன்று. நானூறு பேரின் வேகத்துக்குப் பழகிய வழிநடைக்குப் பால்குடி மறவாத குழந்தையை இழுத்துச் செல்ல முடியாது என்பதை மந்தை மேய்த்தவன் அறிந்திருந்தான்.

ஏசாயா 28-ஆம் அதிகாரத்தின் கடைசி வசனங்களை நீங்கள் பலமுறை கடந்து சென்றிருப்பீர்கள். நியாயத்தீர்ப்பைப் பற்றிப் பேசிக்கொண்டே வரும் தீர்க்கதரிசி திடீரென்று உழவனைப் பற்றிப் பேசத் தொடங்குகிறார். எல்லாத் தானியத்தையும் உழவன் ஒரே விதமாய்ப் போரடிக்கிறதில்லை. சிறிய மணிகளின்மேல் வண்டிச் சக்கரத்தை உருட்டுகிறதில்லை, கோலால் தட்டியே உதிர்க்கிறான். அப்பத்துக்கான தானியத்தைக்கூட முடிவின்றி மிதித்துக்கொண்டே இருக்கிறதில்லை. இந்த விவேகத்தையும் அவனுக்குக் கற்பித்தவர் கர்த்தரே என்று அந்தப் பகுதி முடிகிறது. நமது தமிழ் வேதாகமத்தில் அந்த இடத்தில் உளுந்து என்ற சொல்லே நிற்கிறது. இளையாத்தங்குடியைச் சுற்றியுள்ள மானாவாரி நிலங்களில் வேலை செய்தவர்களுக்கு இதற்கு வியாக்கியானம் தேவையில்லை. நெற்கட்டைத் தூக்கிக் கல்லில் அடிப்போம். உளுந்துச் செடியைக் களத்தில் பரப்பிக் கோலால் தட்டுவோம். எள்ளையோ காயவைத்துத் தலைகீழாகப் பிடித்து உதறினாலே போதும், கொட்டிவிடும். எள்ளை நெல்லைப் போல அடிப்பவனை ஊர் உழவன் என்று சொல்லாது.

அப்படியானால் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளாயினும் மூத்தவனுக்கு ஏற்ற புத்தகம் இளையவளுக்கு ஏற்காமல் போவதில் வியப்பென்ன? ஏசாவும் யாக்கோபும் இரட்டையர். ஒருவன் காட்டில் திரிந்தான், மற்றவன் கூடாரத்தில் குடியிருந்தான். அவர்கள் வீட்டில் கெட்டுப்போனது பிள்ளைகளின் வேறுபாட்டினால் அன்று. தகப்பன் ஒருவனையும் தாய் மற்றவனையும் நேசித்ததினால். வேறு வேறு புத்தகம் கொடுப்பது பட்சபாதம் ஆகாது. இருவரையும் ஒரே புத்தகத்தில் உட்காரவைத்து, முந்தி முடிப்பவனைப் புகழ்ந்து பிந்தி முடிப்பவளைக் கடிந்துகொள்வதே பட்சபாதத்துக்கு அருகில் நிற்கிறது.

நீதிமொழிகள் 22:6-ஐ நாம் அடிக்கடி மேற்கோள் காட்டுகிறோம். அதன் எபிரெய மூலத்தில் வழி என்ற சொல்லோடு அவனுடைய என்ற உறவும் ஒட்டி நிற்கிறது. அவன் செல்லவேண்டிய நல்வழி என்று பொருள் கொள்வோரும் உண்டு, அவனவன் இயல்புக்கேற்ற வழி என்று பொருள் கொள்வோரும் உண்டு. இரண்டாவது பொருளை மட்டும் பிடித்துக்கொண்டு, பிள்ளை விரும்பியதெல்லாம் அவன் வழி என்று சொல்லிவிடக் கூடாது. அதுபோலவே முதற்பொருளை மட்டும் பிடித்துக்கொண்டு, நாம் வாங்கிவந்த புத்தகமே கர்த்தருடைய வழி என்றும் சொல்லிவிடக் கூடாது.

பிள்ளையின் நிலையறிந்து பாடம் கொடுப்பது அயல்நாட்டுப் புதுமை என்று எண்ணுவோருக்கு ஒரு வார்த்தை. நமது அரசுப் பள்ளிகளே இதைச் செய்து பார்த்திருக்கின்றன. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08-இல் மாநிலமெங்கும் விரிந்த செயல்வழிக் கற்றலில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் ஏணி இருந்தது. ஒரு படிக்குரிய அட்டையை முடித்த பின்பே அடுத்த படி. பக்கத்தில் இருப்பவன் எந்தப் படியில் நிற்கிறான் என்பது அவனுக்குரியது. 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் ஆரம்ப வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகளாகப் பிரித்தார்கள். மூன்றாம் வகுப்பில் படிப்பதனாலேயே ஒருவன் மலர் ஆகிவிடுவதில்லை. இந்தத் திட்டங்களில் குறைகள் இல்லாமல் இல்லை. அட்டைகளை எடுத்துக்கொடுத்தே களைத்துப்போன ஆசிரியர்களை நம் சபையிலேயே நீங்கள் அறிவீர்கள். ஆனால் நாற்பது பிள்ளைகளை வைத்திருக்கும் ஆசிரியரிடம் இதை எதிர்பார்க்கிற நாம், இரண்டே பிள்ளைகளை வைத்திருக்கும் தாய் இதைச் செய்தால் குறை கூறுவது எப்படி நியாயமாகும்?

நம் செட்டிநாட்டில் இன்னொரு கல்வியும் இருந்தது. பர்மாவிலும் மலேயாவிலும் கொண்டுவிற்ற நகரத்தார் கடைகளுக்குப் போகும் சிறுவர்கள் கணக்கைப் பெரும்பாலும் வீட்டிலும் கடையிலுமே கற்றார்கள். மாகாணியும் அரைக்காலும் வாயிலேயே நடமாடும். பெட்டியடிப் பையனாய்ச் சேர்ந்தவன் கண்ணால் பார்த்தும் கையால் எழுதியும் தேர்ந்து, பிறகே அடுத்தாளாக உயர்ந்தான். பெற்றோரைப் பிரிந்து கடல் கடந்த அந்தச் சிறுவர்களின் வாழ்க்கை எளிதானதன்று, அதை நான் அழகுபடுத்திக் காட்டவில்லை. பள்ளிக்கூடம் என்ற ஒரு வடிவம் மாத்திரமே கல்வி என்று நம் ஊர் ஒருநாளும் எண்ணியதில்லை என்பதைச் சொல்லவே நினைவூட்டுகிறேன்.

1706 ஜூலை 9-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர் தமிழ் எழுத்துகளைக் கற்ற விதமும் இங்கே நினைக்கத்தக்கது. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிப் படித்தார். எழுத்து கைவந்த பின்பும் அவர் மணலிலேயே உட்கார்ந்திருக்கவில்லை. மொழி தெரிந்தவர்களைத் துணைக்கு அழைத்தார், ஓலைச்சுவடிகளைத் தேடிச் சேர்த்தார், வாசிக்கச் செய்து கேட்டார். மணல் தவறான முறையாய் இருந்ததினால் அவர் அதை விடவில்லை. அதன் வேலை முடிந்தது. பெற்றோர் பலர் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். ஒரு புத்தகத்தை விடுவதென்றால் அதைத் தொடக்கத்திலேயே தவறாய்த் தெரிந்துகொண்டோம் என்று பொருளாகிவிடுமோ என்று கலங்கி, உதவாத ஒன்றையே இழுத்துக்கொண்டு போகிறார்கள். நான்காயிரம், ஐந்தாயிரம் கொடுத்து வாங்கினோமே என்ற எண்ணமும் சேர்ந்துகொள்கிறது. செலவழித்த பணம் திரும்பாது என்பது உண்மைதான். அதற்காகப் பிள்ளையின் ஓராண்டையும் அதன்மேல் போடவேண்டுமா?

இனி மறுபக்கம். மாற்றுவதற்கு முன் எதை மாற்றுகிறோம் என்று அறிந்திருக்க வேண்டும். கணக்கு வந்தாலே அழுகிற பிள்ளை, கதை வாசிக்கும்போது மகிழ்ச்சியாய் இருக்கிறாளென்றால், கணக்குப் புத்தகத்தை மாத்திரம் மாற்றினால் போதும். முழுப் பெட்டியையும் தூக்கியெறிந்து வேறு பெட்டி வாங்குவது வீண். பாடத்திட்டங்கள் ஒன்றுக்கொன்று வரிசையில் வேறுபடுகின்றன. ஒன்றில் பின்னம் முன்னே வரும், மற்றொன்றில் பின்னே வரும். மூன்று ஆண்டில் மூன்று முறை மாற்றிய வீட்டில் பிள்ளை பெருக்கலை மூன்று முறை படித்து, வகுத்தலை ஒருமுறையும் படிக்காமல் போய்விடக்கூடும். ஆகவே ஆண்டின் நடுவில் மாற்றுகிறவர்கள், பழைய புத்தகத்தில் எதுவரை வந்தோம் என்று ஒரு நோட்டில் எழுதிவைத்து, புதிய புத்தகத்தின் பொருளடக்கத்தோடு ஒத்துப்பாருங்கள். ஒரு மாலை நேரத்து வேலைதான்.

சில வேளைகளில் குறை புத்தகத்தில் இல்லை. தாய் களைத்திருக்கலாம். தகப்பன் எல்லாவற்றையும் தாயின்மேல் போட்டுவிட்டு, மாலையில் வந்து எத்தனை பக்கம் முடிந்தது என்று மட்டும் கேட்பவராய் இருக்கலாம். புதிய புத்தகம் அந்த வீட்டுக்கு ஒரு மாதத்துப் புதுமையைத் தரும், அவ்வளவே. வேறு சில வேளைகளில் பிள்ளைக்கு டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடு இருக்கலாம். அப்படியானால் ஐந்து பாடத்திட்டம் மாற்றினாலும் பயனில்லை. தகுந்த வல்லுநரிடம் காட்டுங்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது, தேர்வுகளில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளும் உண்டு. ஜெபிக்கிறோம், சரியாகிவிடும் என்று சொல்லி மருத்துவரிடம் போகாமல் இருப்பது விசுவாசமன்று. காய்ச்சலுக்கு அப்படிச் செய்வீர்களா?

கிறிஸ்தவப் பாடத்திட்டம் என்று அட்டையில் அச்சிட்டு வருகிறவற்றைக் குறித்து வெளிப்படையாய் எழுத விரும்புகிறேன், சிலருக்கு வருத்தமாயிருந்தாலும். 1970-இல் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் தோன்றிய ஏ.சி.இ. என்ற முறை நம் நாட்டுக் கிறிஸ்தவக் குடும்பங்கள் பலவற்றில் பயன்படுகிறது. பிள்ளையைச் சோதித்தறிந்து, ஒவ்வொரு பாடத்திலும் அவன் நிற்கும் நிலையிலிருந்தே சிறு சிறு புத்தகங்களாய்த் தொடங்கச் செய்வது அதன் நன்மை. கணக்கில் மூன்றாம் நிலையிலும் வாசிப்பில் ஐந்தாம் நிலையிலும் ஒரே பிள்ளை இருக்கலாம். ஆனால் தானே வாசித்து, கோடிட்ட இடத்தை நிரப்பி, தானே திருத்திக்கொள்ளும் அந்த முறை, தனிமையில் அமைதியாய் வேலை செய்யும் பிள்ளைக்கே ஏற்றது. ஓயாமல் கேள்வி கேட்கும் பிள்ளை அதில் வாடிப்போகிறாள். நம் சபையின் அந்த வீட்டில் நிகழ்ந்தது இதுவே. அண்ணன் அதில் நிம்மதியாய் இருந்தான். தங்கைக்கு விடை தெரிந்திருந்தும், சொல்வதற்கு எதிரில் ஆளில்லை.

இங்கிலாந்தின் சார்லட் மேசன் அம்மையார் ஏறக்குறைய நூறாண்டுக்கு முன் விட்டுச்சென்ற முறையில், பாடவேளை குறுகியது, நல்ல புத்தகத்தை ஒருமுறை வாசித்துக் கேட்டபின் பிள்ளை தன் சொற்களில் திருப்பிச் சொல்ல வேண்டும், வெளியே சென்று செடிகொடிகளைப் பார்த்து வரைய வேண்டும். அந்தத் தங்கைக்கு இது பொருந்தியது. ஆனால் தாயின் நேரம் இரண்டு மடங்கு செலவாகிறது என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். வேலைக்குப் போகும் தாயிடம் இதைச் சொல்லிப் பாரம் சுமத்த மாட்டேன்.

கடல் கடந்து வரும் இந்தப் புத்தகங்கள் எதுவாயினும் ஒரு குறை பொதுவாய் உண்டு. பனி பெய்யும் காலத்தைப் பற்றியும், டாலர் காசைப் பற்றியும், அமெரிக்க நாட்டுத் தலைவர்களைப் பற்றியும் பிள்ளை படிக்கிறான். கண்மாய் ஏன் மடை வைத்துக் கட்டப்பட்டது, நம் ஊர் வீட்டுச் சுவருக்கு முட்டைச் சுண்ணாம்பு ஏன் பூசினார்கள் என்பது அவனுக்குத் தெரியாது. இதைவிடக் கவலைக்குரியது தமிழ். ஏழு வயதில் ஆங்கிலத்தில் வேதவசனம் ஒப்பிக்கிற பிள்ளை, பன்னிரண்டு வயதிலும் தன் அப்பத்தாளின் வேதாகமத்தை வாசிக்க இயலாமல் நிற்கிறது. கண் மங்கிய அப்பத்தாளுக்கு ஒரு சங்கீதம் வாசித்துக்காட்ட வீட்டில் ஆளில்லை. எந்தப் பாடத்திட்டத்தைத் தெரிந்துகொண்டாலும் தமிழ் வாசிப்பைத் தினமும் அரைமணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று போதகனாய் உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். இதற்குப் பெருஞ்செலவில்லை. தமிழ்நாட்டுப் பாடநூல்களை இணையத்தில் இலவசமாய்ப் பெறலாம். பக்கத்து இராயவரத்தில் பிறந்த குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பாவின் பாடல்கள் இருக்கின்றன. சென்னையில் தூளிகா பதிப்பகத்தார் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்த படப்புத்தகங்களை வெளியிடுகிறார்கள்.

சட்டத்தையும் சான்றிதழையும் குறித்து அடிக்கடி கேட்கிறீர்கள். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயதுவரை உள்ள பிள்ளைகளுக்கானது. அது வீட்டுக்கல்வியைப் பெயர்சொல்லி அனுமதிக்கவுமில்லை, பெற்றோருக்குத் தண்டனை விதிக்கவுமில்லை. வீட்டில் படித்த பிள்ளையைப் பிறகு பள்ளியில் சேர்க்க விரும்பினால், வயதுக்கேற்ற வகுப்பில் சேரவும், பின்தங்கியிருந்தால் சிறப்புப் பயிற்சி பெறவும் அதே சட்டம் வழிசெய்கிறது. ஆகவே திரும்பிப்போகும் கதவு அடைபட்டுவிட்டது என்று யாரும் அஞ்சவேண்டாம். பள்ளிக்குத் திரும்புவதும் ஒரு மாற்றந்தான். அதை நாணத்துக்குரியதாய் எண்ணவேண்டியதில்லை.

பத்தாம் வகுப்புக்கு நெருங்கும்போது மாற்றங்களை நிறுத்திக்கொள்ளுங்கள். 1989-இல் தொடங்கப்பட்ட தேசியத் திறந்தநிலைப் பள்ளியின் தேர்வைப் பலர் எழுதுகிறார்கள். 14 வயது நிரம்பியிருக்க வேண்டும். ஒரு மொழியேனும் உட்பட ஐந்து பாடங்கள் எடுக்கவேண்டும். மனையியல், ஓவியம், வணிகவியல் போன்றவையும் பட்டியலில் உண்டு. ஆண்டுக்கு இருமுறை பொதுத்தேர்வு நடக்கிறது. பதிவு ஐந்தாண்டுகள் செல்லும், அதற்குள் ஒவ்வொரு பாடமாய் எழுதியும் முடிக்கலாம். கணக்கு வராத பிள்ளைக்கு இது பெரிய ஆறுதல். ஆயினும் கணக்கும் அறிவியலும் இல்லாமல் பத்தாம் வகுப்பை முடித்தால் மேலே எந்தக் கதவுகள் மூடும் என்பதைப் பிள்ளையோடு உட்கார்ந்து முன்னதாகவே பேசிவிடுங்கள். சேர விரும்பும் கல்லூரியிடமும், அரசுப்பணி நோக்கமிருந்தால் அதற்குரிய அலுவலகத்திலும், எந்தச் சான்றிதழை ஏற்பார்கள் என்று எழுத்து மூலமாய்க் கேட்டறியுங்கள். பிறர் சொல்லக் கேட்டு இந்த ஒரு காரியத்தில் நடக்கவேண்டாம்.

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் மிகுதியான குடும்பங்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். வீட்டுக்கல்விக்காரர்கள் அதிக பக்தியுள்ளவர்கள் என்று நான் எங்கும் போதித்ததில்லை. தீமோத்தேயுவுக்குப் பாட்டியாகிய லோவிசாளும் தாயாகிய ஐனிக்கேயாளும் வீட்டிலேயே வேதத்தைக் கற்றுக்கொடுத்தார்கள். அதே பவுல் எருசலேமில் கமாலியேலின் பாதத்தில் போய்ப் படித்தவர். இரண்டு விதத்திலும் வளர்ந்தவர்களைக் கர்த்தர் ஒரே ஊழியத்தில் சேர்த்து நடத்தினார். திபேரியா கடற்கரையில் பேதுரு யோவானைக் காட்டி, இவன் காரியம் என்ன என்று கேட்டபோது ஆண்டவர் அவனுக்குக் கொடுத்த பதிலை யோவான் 21-இல் வாசித்துப்பாருங்கள். அடுத்த வீட்டுப் பிள்ளையின் புத்தகப்பையைப் பார்த்துக் கேட்கும் கேள்விக்கும் அதே பதில் பொருந்தும்.

இன்னொரு காரியம். மூன்று வீடுகளில் பாதி படித்த பாடத்திட்டப் புத்தகங்கள் பரணில் கிடக்கின்றன என்று கேள்விப்பட்டேன். வருகிற ஞாயிறு ஆராதனைக்கு வரும்போது அவற்றை எடுத்துவாருங்கள். ஆலயத்தின் பின் அறையில் ஓர் அலமாரியைக் காலிசெய்து வைத்திருக்கிறோம். புதிதாய் மாற்ற நினைக்கிறவர்கள் விலைகொடுத்து வாங்குமுன், ஒரு பாடத்தை அங்கே எடுத்துப்போய்ப் பிள்ளையோடு இரண்டு வாரம் நடத்திப்பார்க்கட்டும். விடைகள் எழுதப்பட்டிருந்தாலும் பரவாயில்லை, அழிப்பான் நான் வாங்கி வைக்கிறேன்.